மணல் தின்ற ஆக்டோபஸும் என் போனி சிலிண்டரும்

புதுச்சேரிப் பக்கம் ஒரு ஸ்கூபா டைவில், 20 மீட்டர் ஆழத்தில், என் ஆக்டோபஸ் (கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க வைத்திருக்கும் உபரி வாய்க்கருவி) கிளிப்பிலிருந்து கழன்று மணலில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. படகில் ஏறி வாயில் வைத்துப் பார்த்தால் நறநறவென்று மணல், மணலை ஊதித் தள்ள பர்ஜ் பட்டனை அழுத்தினால், விட்ட பிறகும் காற்று நிற்காமல் சீறுகிறது. கூட வந்தவருக்குக் கீழே அது தேவைப்பட்டிருந்தால்?

அப்புறம்தான் மாற்று வழி தேடினேன். கடையில் கைக்கடக்கமான குட்டி சிலிண்டர் ஒன்றைக் காட்டினார்கள், பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே சுமார் 85 லிட்டர் காற்று. 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 3 மடங்கு, பதற்றத்தில் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிற ஆளுக்கு அங்கே 90 ஆகிவிடும், ஒரு நிமிடம்கூட வராது. போனி என்பது முதன்மை சிலிண்டரோடு கூடவே மாட்டிக்கொள்ளும் சின்ன உபரி சிலிண்டர்; 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 3 லிட்டர் போனியில் 600 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றாலும் மிச்சம் இருக்கும். அதையே வாங்கினேன், தனி ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அழுத்தத்துக்குக் குறைக்கும் கருவி), தனி பிரஷர் கேஜோடு. விமானத்தில் கொண்டுபோவது தலைவலி, சரி, பரவாயில்லை.

ஆக்டோபஸைக் கழற்றவில்லை, கூட வருபவருக்கு அதுதான். நல்ல கிளிப்பாக மாற்றினேன். போனியின் செகண்ட் ஸ்டேஜை, அதாவது ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் பகுதியை, ரப்பர் வளையத்தில் கழுத்தோடு மாட்டிவிட்டேன், கையே வேண்டாம், தலையைக் குனிந்தால் வாயில் பட்டுவிடுகிறது.