வாக்கிங் பேஸ் பாட்டா கேக்கணும்னா என்ன பண்ணணும்

டபுள் பேஸை, அதான் ஆளுயரத்துக்கு நிமித்தி வச்சு வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்த, காரைக்குடி வீட்டுக்குக் கொண்டாந்தப்ப அப்பத்தா கேட்டாக, "ஏப்பு, வீணைய எதுக்கு நிமித்தி வச்சிருக்க?" ஊருக்கு அது புதுசில்லதான், காரைக்குடி சகோதரர்கள்ல சுப்பராம ஐயர் வீணையவே நிமித்தி வச்சு வாசிச்சவரு. ஆனா ஒரு வாரம் நான் பழகுறத கேட்டுட்டு சொன்னாக பாருங்க, "யாரோ மாடிப்படி ஏறி எறங்குறாப்லயே இருக்கு, பாட்டு எப்ப வரும்?"

வாக்கிங்னா பாருக்கு, அதாவது நாலு அடி தாளச் சுத்து ஒண்ணுக்கு, நாலு நோட்டு, நடை நிக்காம. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன்னு ஜாஸ்ல எங்க திரும்புனாலும் வர்ற கார்டு (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) வரிசைக்கு நான் வாசிச்சது டி எஃப் ஏ ஏ-ஃப்ளாட், ஜி பி டி டி-ஃப்ளாட், அப்பறம் சி. தப்பே கிடையாது, கார்டு தெளிவா கேக்குது. ஆனா ரெண்டு பாரும் ஒரே அச்சுல புழிஞ்ச முறுக்கு.

இத வாசிச்சுப் பாருங்க: டி சி ஏ ஏ-ஃப்ளாட், ஜி ஏ பி டி, சி. சி-ய ஷட்ஜமா வச்சுப் பாடுனா ரி ச த, அரை ஸ்வரம் எறக்கி இன்னொரு த, அப்பறம் ப த நி ரி, ச. மொத பார் எறங்குது, அடுத்தது ஏறுது, கடைசியில நி ரி-ன்னு ரெண்டு பக்கமும் தொட்டுட்டு ச-ல உக்காருது. ரெண்டு தைவதம் அடுத்தடுத்து வந்தா சங்கராபரணம் கெட்டுரும், ஜாஸ்ல ருசியே அங்கதான்.

கையும் நகர வேணாம், எல்லாம் ஃபர்ஸ்ட் பொசிஷன், கழுத்தோட மேல்முனையிலயே. டி, ஏ ஓப்பன், கம்பிய அமுக்காம அப்படியே, பி-க்கு ஆள்காட்டி, சி-க்கும் ஜி-க்கும் நடுவிரல், ஏ-ஃப்ளாட்டுக்கு சுண்டுவிரல், மோதிரவிரல் கூடவே ஒட்டிக்கிட்டு. வலது கையில விரல் நுனியால சுண்டாதீங்க, ஆள்காட்டிய கம்பியோட சாச்சு வச்சு பக்கத்துச் சதையால கை கனத்தோட இழுங்க, அடுத்த நோட்டு வர்ற வரைக்கும் இடது கைய எடுக்காதீங்க, எடுத்தா நடை நொண்டும்.

யோசிக்கிறது பின்னாலேருந்து. அடுத்த பார்ல எங்க எறங்கணும்னு மொதல்ல முடிவு பண்ணிருங்க. முகப்புலேருந்து ரெண்டாங்கட்டுக்கு முத்தத்துல எறங்கியும் போலாம், தாவாரத்த சுத்தியும் போலாம், போய்ச் சேர்ற வாசல் ஒண்ணுதான? ரூட்லதான், அதாவது கார்டுக்குப் பேர் குடுக்குற நோட்டுலதான், எறங்கணும்னும் இல்ல, டி எஃப் ஏ சி-ன்னு ஏறி ஜி செவனுக்கு பி-ல எறங்குங்க, அழகா இருக்கும். ஆனா பாட்டு தொடங்குற எடத்துல ரூட்டக் குடுத்துருங்க, இல்லாட்டி சோலோ வாசிக்கிறவரு முழிப்பாரு.

மெட்ரோனோம 60-ல வச்சு அந்த டிக்க பாரோட 2, 4-ம் அடியா எண்ணுங்க, 120 வேகம் வந்துரும். பால் சேம்பர்ஸ், ரே பிரவுன்னு ஜாஸ் பேஸ் வாசிச்ச ரெண்டு பேரையும் கேட்டு, ஒரு கோரஸாவது (பாட்டு முழுசா ஒரு சுத்து) வாயால பாட வந்தப்பறம் பேஸத் தொடுங்க.

ஒண்ணு, ஆத்தங்குடி கல்லு போட்ட ஹால்ல பழகுனா இ ஸ்ட்ரிங் அதிர்ற அதிர்வுல நோட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு சுருதி தப்புறதே தெரியாது. நான் ஜமுக்காளத்த விரிச்சுட்டுத்தான் ஒக்கார்றது.