ஆளில்லாமல் மாம்பழக் கூறு விற்பது எப்படி

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற பக்கம் எங்கள் தோப்பு. செந்தூரா ரகம் முடிவதற்குள் பெங்களூரா ரகம் வந்துவிடும், பறிக்கவே ஆள் போதாது, இதில் ரோட்டோரம் உட்கார்ந்து விற்க யாரை விடுவது? அதனால் மூன்று வருடமாக ஒரு மேசை, ஒரு உண்டியல், பழம், அவ்வளவுதான். நீங்களும் வைக்கலாம்.

இடம்தான் முதல் விஷயம். மிசோரமில் செலிங் பக்கம் ஹைவே ஓரத்திலேயே இப்படி ஆளில்லாக் கடைகள் நடக்கின்றன, ஆனால் அங்கே அது பழகிப்போன வழக்கம். நாம் புதிதாகத் தொடங்குகிறோம், அதனால் பால் ஊற்ற, பள்ளிக்கூடத்துக்கு, மண்டிக்கு என்று தினம் அதே முகங்கள் போய்வருகிற ஊர் ரோடாகப் பாருங்கள்.

தராசு வேண்டாம். கூறு கட்டி வையுங்கள், ஒரே விலை, 50 ரூபாய் மாதிரி ஒற்றை நோட்டில் முடிகிற விலை. நாற்பத்தைந்து என்று போட்டால் சில்லறை இல்லாதவர் என்ன செய்வார்? காசு கொடுக்க நினைக்கிறவருக்கு அது சுலபமாக இருக்க வேண்டும், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஜிபே ஸ்கேன் அட்டையும் வையுங்கள். பக்கத்தில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு, காசு இல்லாதவர் எழுதிவிட்டு எடுத்துப் போகட்டும். எங்கள் நோட்டில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட்டார்கள். உண்டியலுக்குப் பூட்டும் சங்கிலியும் கட்டாயம், மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை காலி செய்துவிடுங்கள். ஒருவர் கண்முன்னே நாள் முழுக்கப் பணத்தைத் திறந்து வைப்பது அவருக்குச் செய்கிற நல்லது இல்லை.

பலகையில் விலை, பழம் யாருடைய தோப்பு, என்றைக்குப் பறித்தது, இது போதும். முதல் வருடம் நான் ‘காசு போடாமல் எடுத்தால் 500 ரூபாய் அபராதம்’ என்று எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா நின்று படித்துவிட்டு, “எங்கள திருடன்னு நினைச்சிட்டியா தம்பி?” என்று கேட்டுவிட்டு வாங்காமலே போனார். அன்றைக்கே அழித்தேன். அபராதம் சும்மா கிடக்கிற வார்த்தை இல்லை, அது மனிதர்களுக்கு நடுவில் இருப்பதையே மாற்றிவிடும். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இதைச் சோதித்து, 2000இல் க்னீசி, ருஸ்டிக்கினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிற பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது, ஏனென்றால் ‘டீச்சர் காத்திருப்பாரே’ என்ற உறுத்தல் போய், காசு கட்டினால் சரி என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை.

கணக்கு தினமும் பாருங்கள், ஆனால் யார் எடுத்திருப்பார் என்று யோசிக்க உட்காராதீர்கள். போனாலும் தாங்குகிற அளவுக்குத்தான் காலையில் அடுக்க வேண்டும், பத்துக் கூறு போதும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் பலகையில் ‘நேற்று 8 கூறு போனது, 6க்குக் காசு வந்தது’ என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். எங்களுக்கு அது பலன் கொடுத்தது.

அப்புறம், ஒரு தார்ப்பாயை மேசைக்கு அடியில் மடித்து வையுங்கள். மழை திடீரென்று வரும், நீங்கள் தோப்பின் அந்தக் கோடியில் இருப்பீர்கள். போகிறவர் யாராவது மூடிவிட்டுப் போவார்.