கதவுக்கு மேலே உள்ள பழைய வென்டிலேட்டரை மீட்பது எப்படி?

பெங்களூரில் ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். கதவு நிலைக்கு மேலே சின்னக் கண்ணாடிச் சட்டம், அதை இழுக்க ஒரு கயிறு, கயிற்றைச் சுற்றிக் கட்டச் சுவரில் ஒரு பித்தளைக் கொக்கி. எங்கள் வீட்டில் இப்படி ஐந்து. ஒன்றுகூடத் திறக்காது. "கழட்டிப் போட்டுட்டு அலுமினியம் வச்சிடலாம்மா" என்றார் ஆசாரி. "இருக்கட்டும்ண்ணா, நான் ஒரு தடவை பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏணி போட்டேன். பார்த்தால், பெரும்பாலும் எதுவும் கெடவில்லை. வருஷக்கணக்காக அடித்த பெயின்ட்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். சட்டத்தின் இரண்டு பக்கமும், ஏறக்குறைய நடு உயரத்தில், ஒரு முளையும் அது உட்காரும் தகடும் இருக்கும். மேல் வளையத்துக் கயிற்றை இழுத்தால் சட்டத்தின் மேல்பாதி உள்ளே சாயும், கீழ்பாதி வெளியே போகும். கூரையடியில் தேங்கும் சூடான காற்று அந்த வழியாக வெளியேறும். கீழ் வளையத்துக் கயிற்றை இழுத்தால் மூடிக்கொள்ளும்.

கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். எந்தக் கதவு, இடதா வலதா என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தாது.

அப்புறம் ஸ்க்ரூ. பாதி நேரம் இதற்கே போய்விடும். தலையில் இருக்கும் வெட்டு பெயின்ட்டில் மூடியிருக்கும். அதைக் கூர்மையான ஆணியால் சுரண்டி அடிவரை சுத்தம் செய்யுங்கள். வெட்டை முழுசாக நிரப்பும் அகலத்தில் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். முதலில் இம்மியளவு இறுக்கிவிட்டு, பிறகு தளர்த்துங்கள். அசையாவிட்டால் சூடான சால்டரிங் அயர்னை ஒரு நிமிஷம் தலையில் வையுங்கள். அவசரப்பட்டு நான் இரண்டு தலைகளை உடைத்தேன். கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது கீழே ஒருவர் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் ஒரு கோணத்துக்குச் சாய்ந்தாலே சட்டம் தகட்டிலிருந்து நழுவி வந்துவிடும்.

பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது. பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைதானா என்று பார்க்க, பின்பக்கம் லேசாகக் கீறுங்கள். மஞ்சளாகத் தெரியவேண்டும், காந்தமும் ஒட்டக்கூடாது. பித்தளையானால் பழைய பாத்திரத்தில் தண்ணீரும் சலவைச் சோடாவும் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள். பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வரும். அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது. தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

மினுக்குவதற்குப் புளியும் உப்பும் போதும். ஐந்து நிமிஷம் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட வேண்டும். ஊறட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் ஒரு கொக்கி செம்பு மாதிரி இளஞ்சிவப்பாகக் கிடந்தது. புளிப்பில் அதிக நேரம் கிடந்தால் பித்தளையின் மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் கரைந்துபோய் இப்படி ஆகும்.

திரும்ப மாட்டும்போது மரத்தில் ஓட்டை தளர்ந்திருந்தால் தேக்குச் சீவலை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். புது பித்தளை ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் பாதியில் ஒடியும். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி வழி பண்ணுங்கள். பிறகு பித்தளை ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தடவி மாட்டுங்கள். முளையில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். சரி, கயிறு? பருத்திக் கயிறு நல்லது, முடிச்சு நழுவாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொங்கும் நுனியைக் கொக்கியிலேயே சுற்றி மேலே கட்டிவிடுங்கள்.

தகடு உடைந்திருந்தால் எஸ்.பி. ரோடு கடைகளில் கேட்கலாம்; ஞாயிற்றுக்கிழமை சண்டே பஜாரிலும் பார்க்கலாம். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒத்துவர வேண்டும். என் ஐந்தாவது வென்டிலேட்டரின் தகட்டுக்கு இன்னும் ஜோடி கிடைக்கவில்லை. அது மட்டும் மூடியே இருக்கிறது.