ஹைட்ராஞ்சியா பூக்கவில்லையா? எப்போது வெட்டினீர்கள்?

குன்னூரில் எங்கள் வீட்டு வாசல் ஹைட்ராஞ்சியா இரண்டு வருடம் வெறும் இலையாகவே நின்றது. தப்பு என்னுடையதுதான். ஜனவரியில் ரோஜாவைக் கவாத்து செய்தபோது, கையோடு இதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன்.

பெரிய உருண்டைப் பூ விடும் மேக்ரோபில்லா வகை பழைய குச்சியில்தான் பூக்கும். இந்த வருடப் பூ முடிந்த சில மாதங்களிலேயே அடுத்த வருட மொட்டு நுனியில் உருவாகிவிடும். அப்புறம் வெட்டினால் பூவும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

1. பூ மங்கியதும், தாமதிக்காமல் வெட்டுங்கள். பூத்தலைக்குக் கீழே நல்ல இலை ஜோடி இருக்கும் கணுவுக்கு அரை விரல் மேலே போதும்.

2. தவறவிட்டு டிசம்பர் வந்துவிட்டதா? குச்சியைத் தொடாதீர்கள், காய்ந்த தலையை மட்டும் எடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். பூமொட்டும் இலைமொட்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. விரலால் தடவிப் பாருங்கள்: பூமொட்டு பருத்து உருண்டையாக இருக்கும், இலைமொட்டு ஒல்லியாகக் குச்சியோடு ஒட்டிக்கிடக்கும். மேலிருந்து வரும் முதல் பருத்த ஜோடிக்குச் சற்று மேலே நிறுத்திவிடுங்கள்.

3. பட்டை உரிந்த கிழட்டுக் குச்சிகளை அடியோடு எடுக்கலாம். ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கத்தரி வாங்கும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிப் போவதாகப் பாருங்கள். தட்டையான அடிப்பாகத்தில் கத்தி வந்து உட்காரும் வகை பச்சைக் குச்சியை நசுக்கிவிடும். என்னிடம் இருந்தது இப்போது தேங்காய் நார் வெட்டுகிறது.

யூரியா போடவே போடாதீர்கள். இலை செழிக்கும், பூ வராது. தொழு உரம், காலை வெயில், மதிய நிழல் போதும்.

பிற்சேர்க்கை: ஊட்டியிலிருந்து ஒருவர் உறைபனி பற்றிக் கேட்டிருந்தார். பனி விழும் இடமென்றால் காய்ந்த பூவை அப்படியே விடுங்கள், கீழே உள்ள மொட்டுக்கு அது குடை. பனிக்காலம் போனபின் எடுக்கலாம்.

கூம்பு வடிவப் பூ விடும் பானிகுலேட்டா வகைக்கு இதெல்லாம் பொருந்தாது. அது புதுத் தளிரில் பூப்பதால் குளிர்காலக் கடைசியில் தாராளமாக வெட்டலாம்.

சென்னைக்காரர்களுக்கு: மொட்டு உருவாகச் சில வாரங்கள் குளிர் வேண்டும். பூவோடு வாங்கிய தொட்டி மறுவருடம் பூக்காததற்குக் கத்தரியைத் திட்டாதீர்கள்.