பானையை வச்சு காலத்தை வரிசைப்படுத்துறது எப்படி: பெட்ரியோட அட்டை வைத்தியம்

எகிப்து ஆராய்ச்சின்னு சொன்னாலே தங்க முகமூடி, மம்மி, பிரமிட்னு தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா அந்தத் துறையையே ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்த மனுஷன் ஆயுசுல பாதியை உடைஞ்ச பானையோடதான் ஓட்டினாரு. பிளிண்டர்ஸ் பெட்ரி. 1853ல இங்கிலாந்துல பொறந்தவர், ஸ்கூல் பக்கமே போகாம வீட்லயே படிச்சவர், நிலம் அளக்குறத அப்பா கத்துக் குடுத்தாரு. 1880 கடைசில கீஸா பிரமிடை அளக்கத்தான் முதல்முதலா எகிப்துக்குப் போனாரு, அங்க ஒரு பழைய கல்லறைக் குகைக்குள்ளயே குடித்தனம். பிரமிட் அளவுல தெய்வ ரகசியம் இருக்குன்னு அப்போ ஒரு தியரி ஓடிட்டு இருந்துச்சு, அவங்க அப்பாவுக்கும் அதுல நம்பிக்கை. மகன் ஒழுங்கா அளந்து பாத்துட்டு அது தப்புன்னு சொல்லிட்டாரு. இந்த குணம் தான் பின்னாடி பானை விஷயத்துலயும் கை குடுத்துச்சு.

அவர் உருவாக்குன முறைக்கு "சீக்வென்ஸ் டேட்டிங்"னு பேரு, அதாவது கூட இருக்குற பானை வகைகளை வச்சு எந்தக் குழி முன்னாடி எது பின்னாடின்னு வரிசை போடுறது. அட்டை, கத்தரிக்கோல், ஒரு பெரிய மேஜை, நிறைய பொறுமை, இவ்ளோ இருந்தா போதும், நீங்களே செஞ்சு பாக்கலாம். படிச்சுப் புரிஞ்சுக்கிறதை விட கையால செஞ்சா பத்து மடங்கு சீக்கிரம் புரியும்.

முதல்ல இது ஏன் தேவைப்பட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கணும், இல்லன்னா நடுவுல போர் அடிச்சு எந்திரிச்சுப் போயிடுவீங்க. 1894-95 குளிர்காலத்துல லக்சருக்கு வடக்கே நகாடாங்கிற இடத்துல பெட்ரி 2000க்கு மேல சவக்குழிகளைத் தோண்டினாரு. உள்ள மம்மி இல்ல, எழுத்து இல்ல, ராஜா பேரு இல்ல. உடம்பை மடக்கிப் படுக்க வச்சு சுத்தி பானைகளை அடுக்கியிருந்தாங்க, அவ்ளோதான். வழக்கமா மண்ணு அடுக்கடுக்கா இருந்தா கீழ இருக்குறது பழசு மேல இருக்குறது புதுசுன்னு சொல்லிடலாம், ஆனா இங்க மணல்ல பக்கத்துல பக்கத்துல வெட்டுன குழிங்க, எது முன்னாடி எது பின்னாடின்னு யாரு சொல்றது? பெட்ரியே இங்க பெருசா சறுக்கினாரு. இது எகிப்தியர்களே இல்ல, நடுவுல வெளிய இருந்து வந்த ஒரு "புது இனம்"னு எழுதிட்டாரு. இனம் மாறுனா தான் கலாச்சாரம் மாறும்னு நினைக்கிற அந்தக் காலத்து இனவாத யோசனை அவர்கிட்ட நிறையவே இருந்துச்சு, அதை மறைச்சுட்டு அவரைப் புகழ்றதுல எனக்கு இஷ்டமில்ல. ஜாக் டி மோர்கன்ங்கிற பிரெஞ்சுக்காரர் தான் இதெல்லாம் முதல் ராஜாக்களுக்கும் முன்னாடி வாழ்ந்த எகிப்தியர்களோடதுன்னு சரியா சொன்னாரு, அப்புறம் பெட்ரியும் ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டதோட நிக்காம, அந்தக் குழிங்களை எல்லாம் வரிசைப்படுத்த உக்காந்தாரு பாருங்க, அது தான் மேட்டர்.

சரி வேலைக்கு வருவோம். முதல் வேலை கழிக்கிறது. எல்லா குழியையும் எடுத்துக்கக் கூடாது. திருடங்க கலைச்ச குழி, ஒண்ணு ரெண்டு பானை மட்டும் இருக்குற குழி, எல்லாத்தையும் ஓரமா வச்சிடுங்க. பெட்ரி சில ஆயிரம் குழிகள்ல இருந்து அஞ்சு வகைக்குக் குறையாம பானை இருந்த 900 குழிகளைத் தான் எடுத்துக்கிட்டாரு. ஒரே குழிக்குள்ள இருக்குறதெல்லாம் ஒரே நாள்ல உள்ள வச்சு மூடுனது, அதனால அந்தப் பானைங்க எல்லாம் அன்னிக்குப் புழக்கத்துல இருந்தது தான்னு நம்பிக்கையா சொல்லலாம். மொத்த முறையும் இந்த ஒரு புள்ளியில தான் நிக்குது. கலைஞ்ச குழி ஒண்ணு உள்ள வந்துச்சுன்னா கடைசி வரைக்கும் இம்சை பண்ணும்.

ரெண்டாவது பேரு வைக்கிறது. "சிவப்பா அழகா இருக்கு"ன்னு எல்லாம் எழுதுனா வேலைக்கு ஆகாது. பெட்ரி ஒன்பது வகை பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து குடுத்தாரு: வாய் மட்டும் கறுப்பா இருக்குறது பி, பளபளன்னு தேய்ச்ச சிவப்பு பீ (ஆங்கிலத்துல வேற எழுத்து, தமிழ்ல எழுதுறப்ப இந்தக் கொடுமை), சிவப்பு மேல வெள்ளைக் கோடு போட்டது சி, அலை மாதிரி கைப்பிடி வச்சது டபிள்யூ, வெளிர் மண்ணுல சிவப்பால படகு, ஆளு, பறவைன்னு வரைஞ்சது டி, சொரசொரப்பானது ஆர், கடைசி காலத்துது எல், இன்னும் விசித்திர வடிவத்துக்கு ஒண்ணு, கீறல் போட்டதுக்கு ஒண்ணு. ஒவ்வொரு வகைக்குள்ளயும் வடிவத்துக்குத் தகுந்த மாதிரி நம்பர். நீங்க பழகுறதுக்கு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல இருக்குற பெட்ரி மியூசியத்தோட ஆன்லைன் கேட்டலாக்ல போட்டோ தேடி எடுத்துக்கலாம். அந்த காலேஜ்ல 1892ல எகிப்தியல் பேராசிரியரா உக்காந்த பெட்ரி 1933 வரைக்கும் அந்த நாற்காலியை விடல, அந்த மியூசியத்துல பெரும்பகுதி அவர் சேத்த சாமான் தான்.

மூணாவது அட்டை. ஒரு குழிக்கு ஒரு நீள ஸ்ட்ரிப், தலைப்புல குழி நம்பர், குறுக்க ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டம், எல்லா ஸ்ட்ரிப்லயும் கட்டம் அதே இடத்துல வரணும். அப்பதான் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வச்சா கண்ணால ஒரே பார்வையில பிடிக்க முடியும். கெட்டியான அட்டையா எடுத்துக்கோங்க ப்ளீஸ். நான் முதல்ல சாதா பேப்பர்ல வெட்டி, ஒரு மணி நேரம் அடுக்குனதுக்கு அப்புறம் வீட்ல யாரோ ஃபேனைப் போட்டு விட்டாங்க, அவ்ளோதான், நகாடா நாகரிகமே ரூம் பூரா பறந்துச்சு.

இப்போ தான் சுவாரசியமான இடம். அடுக்கத் தொடங்க ஒரு நூல் நுனி வேணும், பெட்ரிக்குக் கிடைச்சது டபிள்யூ வகை, அந்த அலைப்பிடி ஜாடி. குண்டு ஜாடி, ரெண்டு பக்கமும் நிஜமாவே கை வச்சுத் தூக்கலாம்ங்கிற மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற பிடி, ஓரம் அலை அலையா. கொஞ்சம் கொஞ்சமா ஜாடி ஒல்லியாகுது, பிடி சுருங்குது. அப்புறம் பிடியே இல்ல, சுத்தி ஒரு அலைக்கோடு மட்டும் அலங்காரத்துக்கு. கடைசில வெறும் உருளை. உபயோகமா ஆரம்பிச்ச ஒரு விஷயம் உபயோகம் போய் டிசைனா மிஞ்சுது, இதுக்கு நேர்மாறா, வெறும் கோடு ஒண்ணு வளந்து வளந்து பிடியா ஆகும்னு நம்புறது கஷ்டம். இருந்தாலும் இந்த நம்பிக்கையை மட்டும் வச்சு முடிவு கட்டிடாதீங்க. அந்த உருளை ஜாடிங்க அபிடோஸ்ங்கிற இடத்துல எகிப்தோட முதல் வம்சத்து ராஜாக்கள் காலத்தோட போய் ஒட்டுது, அங்க ராஜா பேரு எழுத்துலயே இருக்கு, அதனால இந்த முனை தான் கடைசின்னு உறுதியாச்சு. வெளியில இருந்து இப்படி ஒரு ஆணி அடிக்கலன்னா உங்க வரிசை சரியா இருந்தும் தலைகீழா இருக்கலாம், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சின்னதா ஒரு உதாரணம், அஞ்சு குழின்னு வச்சுக்கோங்க. ஒண்ணுல வெள்ளைக்கோட்டுக் கிண்ணமும் கறுப்பு வாய் ஜாடியும். இன்னொண்ணுல கறுப்பு வாய் ஜாடியும் குண்டு அலைப்பிடியும். அடுத்ததுல குண்டு அலைப்பிடியும் படகு வரைஞ்ச ஜாடியும். நாலாவதுல படகு ஜாடி, ஒல்லி அலைப்பிடி, ஒரு எல் வகை. அஞ்சாவதுல எல் வகையும் உருளையும். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் பொதுவா ஒரு பானை கூட இல்ல, ஆனா நடுவுல இருக்குற மூணும் பாலம் மாதிரி ரெண்டையும் கோத்து விடுது. 900 ஸ்ட்ரிப்லயும் இதே தான், ஒவ்வொரு வகையும் ஒரு இடத்துல தோணி, கொஞ்ச தூரம் இருந்து, மறையணும். நடுவுல ஓட்டை விழுந்தா ஸ்ட்ரிப்பை மேலயும் கீழயும் நகத்திப் பாருங்க. ஒண்ணை சரி பண்ணா இன்னொண்ணு கெடும், கோபம் வரும், வரட்டும்.

கையால முடியலன்னா எக்ஸெல்ல ஒரு வழி இருக்கு. இப்போ இருக்குற வரிசைப்படி குழிங்களுக்கு 1, 2, 3னு நம்பர் போடுங்க, ஒவ்வொரு பானை வகையும் எந்தெந்த நம்பர் குழியில வருதோ அதோட சராசரியை எடுத்து வகைகளை வரிசைப்படுத்தி வகைகளுக்கும் 1, 2, 3 போடுங்க. அப்புறம் ஒவ்வொரு குழிக்கும் அதுல இருக்குற வகைகளோட நம்பர் சராசரி எடுத்து குழிங்களை மறுபடி வரிசைப்படுத்துங்க. எதுவும் நகராம நிக்குற வரைக்கும் திருப்பித் திருப்பி இதே. 1960கள்ல டேவிட் கெண்டால்னு ஒரு கணித மேதை பெட்ரியோட வேலையை எடுத்துப் பாத்துட்டு, இது உண்மையிலேயே கனமான கணக்குன்னு சொல்லி கணித உலகத்துக்கே கொண்டு போனாரு. கம்ப்யூட்டர் செய்யுற வேலையை அந்த மனுஷன் அட்டையை நகத்தி நகத்தியே செஞ்சிருக்காரு.

வரிசை முடிஞ்சதும் சமமா வெட்டணும். பெட்ரி 51 பங்கா பிரிச்சு 30ல இருந்து 80 வரைக்கும் நம்பர் குடுத்தாரு, ஒரு பங்குக்கு ஏறக்குறைய 18 குழி. ஏன் 1ல ஆரம்பிக்கல? இதுக்கும் பழசு ஏதாவது நாளைக்குக் கிடைச்சா வைக்க இடம் வேணுமேன்னு முன்னாடியே காலி விட்டாரு. 1920கள்ல பதாரிங்கிற இடத்துல நிஜமாவே அதுக்கும் பழைய கலாச்சாரம் கிடைச்சுச்சு, அந்தக் காலி இடம் உபயோகப்பட்டுச்சு. பக்கத்துல ஹமாமியாங்கிற இடத்துல கெர்ட்ரூட் கேட்டன் தாம்ப்சன்ங்கிற தொல்லியல் ஆராய்ச்சியாளர் மண்ணு அடுக்கு கலையாம தோண்டிப் பாத்தப்ப, மேசை மேல போட்ட வரிசை பெரும்பாலும் மண்ணுலயும் அப்படியே இருந்துச்சு. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இது.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. 40ங்கிறது வருஷம் இல்ல. 40க்கும் 41க்கும் நடுவுல பத்து வருஷமா நூறு வருஷமான்னு இந்த முறை சொல்லவே சொல்லாது, ஏன்னா வெட்டுனது குழி எண்ணிக்கையை, காலத்தை இல்ல. பெட்ரியே வருஷக் கணக்குக்குப் போனப்ப எல்லாத்தையும் ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி தள்ளிட்டாரு. இப்போ முதல் வம்சம் சுமார் கி.மு. 3100ல ஆரம்பம்னு வைக்கிறாங்க. அலைப்பிடி ஒரே சீரா தேய்ஞ்சுக்கிட்டே போச்சுன்னு அவர் எடுத்துக்கிட்டதும் ரொம்ப நேர்கோடு தான், அதனால 1957ல வெர்னர் கைசர்ங்கிற ஆராய்ச்சியாளர் மயானத்துல குழிங்க எந்தப் பக்கமா பரவிட்டே போகுதுன்னு சேத்துப் பாத்து நகாடா 1, 2, 3னு மூணு காலகட்டமா திருத்தினாரு, இன்னிக்குப் புழக்கத்துல இருக்குறது அதோட வழி வந்தது தான். உங்ககிட்ட குழிங்களோட மேப் இருந்தா வரிசையை அதுலயும் கலர் பண்ணிப் பாருங்க, ஒரே காலத்துக் குழிங்க பெரும்பாலும் பக்கத்துல பக்கத்துல விழும், ஒண்ணு மட்டும் எங்கயோ தனியா நின்னா அந்த ஸ்ட்ரிப்பை மறுபடி எடுத்துப் பாக்கணும்.

அப்புறம், கோந்து போட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி மேஜையை மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த நாள் காலையில பாத்தா கட்டாயம் ரெண்டு ஸ்ட்ரிப் இடம் மாறணும்னு தோணும்.