எதிராளியின் மாடல், நம் கட்டளை: தகராறு இல்லாமல் ஆடுவது எப்படி

மினியேச்சர் ஆட்டங்களில், அதாவது சின்னப் பொம்மை வீரர்களை (மாடல்களை) மேசையில் நகர்த்தி மோதவிடும் ஆட்டங்களில், தூரம் பற்றிய சண்டை டேப்பை நீட்டினால் முடிந்துவிடும். எதிராளியின் மாடலை நாம் ஆட்டிவைக்கும் மந்திரம் விழும்போதுதான் வம்பு. "அண்ணே, என் ஆளை வெச்சே என்னை அடிப்பீங்களா?" என்று தம்பிகள் கேட்க ஆரம்பித்தால், மேசையில் இருக்கும் தே தாரிக் ஆறிப்போகும் வரை வாக்குவாதம் ஓடும். கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் ஆடும் வீட்டில் இப்போது கீழ்க்கண்ட முறையைத்தான் வைத்திருக்கிறோம். டை உருட்டவும் மாடல் நகர்த்தவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: அட்டையைச் சத்தமாக வாசியுங்கள்

நினைவிலிருந்து சொல்லாதீர்கள். மந்திரத்தின் விதியை எழுதியிருக்கும் அட்டை எவ்வளவு அனுமதி கொடுக்கிறது என்பதைப் பாருங்கள். சில மந்திரங்கள் நகர்த்த மட்டும் விடும், சில ஒரே ஓர் அடிக்கு விடும், சில முழுக் கட்டுப்பாட்டையே தரும்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை வைத்து வந்த மிடில்-எர்த் ஸ்ட்ராடஜி பேட்டில் கேமில் நாஸ்கூல்கள் (அந்தக் கதையின் மோதிரப் பேய்கள்) போடும் 'கம்பெல்' மந்திரம் இதற்கு நல்ல உதாரணம். மாட்டிக்கொண்ட மாடலை அதன் நகர்வில் பாதி தூரம்தான் இழுக்கலாம்; 6 அங்குலம் நடக்கும் மனிதனென்றால் 3 அங்குலம். அதற்கு நேரடியாகக் கேடு வரும் எதையும் செய்யவைக்க முடியாது. கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கவைக்கலாமா என்ற கேள்வி புதிதாக ஆடுபவர் எல்லோருக்கும் வரும். முடியாது, அவ்வளவுதான்.

வார்மெஷின் என்ற ஆட்டத்தின் 'இன்ஃபுளுயன்ஸ்' மந்திரம் வேறு மாதிரி. பிடித்த வீரன் உடனே ஒரு கைகலப்பு அடி அடிப்பான், அடித்ததும் மந்திரம் கலைந்துவிடும். நகர்வு கிடையாது. ஓர் ஆட்டத்தின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுவருவதால்தான் பாதிச் சண்டை.

படி 2: பிடிபட்டவன் இப்போது யார் பக்கம்?

எங்கள் மேசையில் அதிகம் சிக்கல் வந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எதிராளியின் வாள்வீரர்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், பின்னால் அவர்களுடைய தலைவன். 'அருகிலுள்ள நட்பு மாடல்களுக்குத் தாக்குதலில் +1' என்று தலைவனின் அட்டை சொல்கிறது. முதல் வீரனை நான் பிடித்து, இரண்டாமவனை அடிக்கவைக்கிறேன். அந்த +1 எனக்குக் கிடைக்குமா?

மந்திரத்தின் அட்டையில் இதற்கு விடை இருக்காது. ரூல்புக்கில் 'நட்பு', 'எதிரி' என்பதை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். 2010இல் வந்த வார்மெஷின் இரண்டாம் பதிப்பில் வரையறை கட்டுப்பாட்டை வைத்தே இருந்தது: உன் கட்டுப்பாட்டில் இருப்பது உனக்கு நட்பு, எதிராளியின் கட்டுப்பாட்டில் இருப்பது எதிரி. அப்படியானால் என் கைக்கு வந்த வீரன் அந்தத் தலைவனுக்கு நட்பு இல்லை, +1 கிடையாது. வேறு ஆட்டத்தில் பக்கம் மாறாமல் முடிவெடுக்கும் ஆள் மட்டும் மாறலாம். அங்கே விடை தலைகீழாகிவிடும். அதனால் இந்த ஒரு பத்தியை மட்டும் முதல் டை உருளும் முன்பே கண்டுபிடித்து ஒட்டுத்தாள் வைத்துவிடுங்கள். நடுவில் தேடினால், எந்த விடை வந்தாலும் ஒருவருக்கு முகம் தொங்கும்.

படி 3: செலவு யாருடையது?

மாலிஃபோ என்ற ஆட்டத்தில் டை கிடையாது, சீட்டுக்கட்டுதான். கையிலிருக்கும் சீட்டைப் போட்டு, புரட்டிய சீட்டின் முடிவை மாற்றலாம். ஸொரைடா என்ற பாத்திரம் 'ஓபே' மந்திரம் போட்டு உங்கள் ஆளை அடிக்கவைத்தால் யாருடைய சீட்டுக்கட்டிலிருந்து புரட்டுவது, யார் கையிலிருந்து சீட்டு இறங்குவது? அடி விழும் முன் ரூல்புக்கைத் திறந்து இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். சீட்டைப் பார்த்த பிறகு யாருக்கும் நேர்மையாக வாதாட வராது.

படி 4: இன்னும் தீரவில்லையா?

வெளியீட்டாளரின் எஃப்ஏக்யூவைப் (கேள்வி-பதில் தொகுப்பை) பாருங்கள். அதிலும் இல்லையென்றால், தனி அட்டையின் விதி பொது விதியை வெல்லும் என்ற வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மசியாவிட்டால் ஒரு டை: 1 முதல் 3 வரை ஒருவர் பக்கம், 4 முதல் 6 வரை மற்றவர் பக்கம். வார்ஹாமர் 40,000இன் பழைய ரூல்புக்குகளே 'மிக முக்கியமான விதி' என்று இதைத்தான் சொல்லின. முடிவை நோட்டில் எழுதிவையுங்கள், அடுத்த வாரம் அதே பேச்சு வரும்.

கையில் வைத்துக்கொள்ள: எஃப்ஏக்யூவை அச்செடுத்து வைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். போனில் தேடுகிறேன் என்று போனவர் வாட்ஸ்அப்பில் மூழ்கிவிடுவார். மிஸ்டர் டிஐஒய் கடையின் மலிவு டேப்பே போதும், அங்குலக் கோடு தெளிவாக இருக்கட்டும். பிடிபட்ட மாடலின் பக்கத்தில் பளிச்சென்ற டோக்கன் கட்டாயம்.

பின்சேர்க்கை 1: மந்திரம் போட்டவரே செத்துவிட்டால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 'இன்ஃபுளுயன்ஸ்' போல உடனே முடிவதில் இந்தக் கேள்வியே எழாது. நீடிக்கும் மந்திரமென்றால் அது எதை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். வார்மெஷினில் 'அப்கீப்' வகை மந்திரங்கள் (சுற்றுக்குச் சுற்று செலவு செய்து தக்கவைப்பவை), போட்டவர் களத்தைவிட்டுப் போனதும் கலைந்துவிடும்.

பின்சேர்க்கை 2: பிடித்த மாடலை யார் கையால் நகர்த்துவது? விதியில் கட்டுப்பாடு உங்களுடையது, பெயின்ட் அடித்த மாடல் அவருடையது. எங்கே போக வேண்டும் என்று விரலால் காட்டுங்கள், நகர்த்துவதை அவரிடமே விடுங்கள். அவரே "எடுங்க பாஸ்" என்றால், கத்தியையோ கொடியையோ பிடிக்காமல் அடித்தட்டைப் பிடித்துத் தூக்குங்கள்.