எட்டாம் நம்பர் ஊசி செய்த வேலை

ஏற்காட்டு மார்கழிக் குளிருக்காக வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். பின்னல் புத்தகத்தில் போட்டிருந்தபடி எட்டாம் நம்பர் ஊசி, சொன்ன அளவு கண்ணிகள் (ஊசியில் ஏற்றும் நூல் வளையங்கள்). முடித்துப் பார்த்தால், ஏழாவது படிக்கிற மகளுக்குத்தான் பொருந்தியது. அவளே வைத்துக்கொண்டாள்.

ஸ்கேல் வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது அமெரிக்கப் புத்தகம். அவர்கள் கணக்கில் எட்டு என்றால் 5 மி.மீ. தடிமன். நான் சேலத்தில் வாங்கிய ஊசி பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் எட்டு, 4 மி.மீ. போதாததற்கு, பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் தடிக்கும்!

அன்றே பின்னல் புத்தக அலமாரியைக் காலி செய்தேன். ஊசியை மி.மீ.யில் சொல்லாததும், 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி வரவேண்டும் என்று தராததும் பழைய பேப்பர்காரருக்குப் போயின. அட்டைப்படத்தில் மயங்கி வாங்கியவைதான் அதில் பாதி. மிச்சம் மூன்று: அடிப்படை சொல்லித் தருவது, பின்னல் வகைகளின் தொகுப்பு, உடம்பை அளந்து நாமே கண்ணிக் கணக்குப் போடக் கற்றுத் தருவது. அதிகம் கசங்கியிருப்பது இந்தக் கடைசிப் புத்தகம்தான்.

வீட்டுக்காரருக்கு 5 மி.மீ. ஊசியில் புதிதாகப் பின்னிவிட்டேன். சேலத்து வெயிலில் அது பீரோவுக்குள்ளேயே கிடக்கிறது. மலை ஏறும்போதுதான் வெளியே வரும்.